ஐவேளைத் தண்ணீர் குடித்த நாகதாளி

வித்துக்குள் விருட்சத்தை மறைத்துவைத்தவன். முள்ளின் முனையருகே மலரை இருத்தியவன். கேட்க நாவில்லாத செடிக்கும் வேளையறிந்து ஈரம் அளப்பவன். அந்த ஏகனுக்கே எல்லாப் புகழும். வெயிற்பெருமணலில் நடந்துவந்து உலகுக்கெல்லாம் நிழலாகிய நபிநாயகத்தின் மீதும், அவர்தம் கிளையார் தோழர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் பொழிவதாக.

இன்று வெள்ளிக்கிழமை. றஜபு மாதத்துத் தலைப்பிறை கண்டு மூன்றாம் நாள். ஜும்ஆவும் முடிந்து, பகலுணவும் முடிந்து, பேனாவை எடுத்திருக்கிறேன். காவியம் பாடப் புறப்படுகிறவனைப்போல இத்தனை பீடிகை போட்டுவிட்டு இவன் ஒரு முட்செடியைப் பற்றித்தான் எழுதப்போகிறான் என்று அறிந்தால் நீங்கள் சிரிப்பீர்கள், நண்பரே. சிரியுங்கள். முனாஜாத்தும் மாலையும் கிஸ்ஸாவுமாக இஸ்லாமியப் பழம்பாடல்கள் ஓதி வளர்ந்த நாக்கு இது. கடைக்குச் சாமான் சீட்டு எழுதினாலும் முதல் வரியில் ஒரு துதி தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சென்ற கிழமை கல்முனைக் கடைத்தெருவில் கைப்பேசி திருத்தும் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடி மேசையின் மேல் ஒரு சின்னஞ்சிறு சாடி. அதிலே பச்சைக் கள்ளியொன்று இரண்டு கிளைவிட்டு நின்றது. பழைய பழக்கத்தால் நகத்தின் புறத்தால் மெல்லத் தொட்டேன். குத்தவில்லை. விரலை நன்றாக அழுத்தினேன். அப்போதும் குத்தவில்லை. நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதைப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார்.

“ஹாஜியார், அது பிளாஸ்டிக். தண்ணி ஊத்தவும் தேவல்ல, பயப்புடவும் தேவல்ல.”

முள் குத்தித் திடுக்கிட்டவர்கள் பலருண்டு. முள் குத்தாமல் திடுக்கிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீடு வந்து சேரும்வரை அந்த விரல்நுனி நமநமத்துக்கொண்டே இருந்தது. அது குத்தாத முள்ளின் தினவு அல்ல. ஐம்பது வருடத்துக்கு முன்பு குத்திய முள்ளின் தினவு.

நூல்களில் சப்பாத்திக்கள்ளி என்று எழுதுகிறார்கள். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் அதற்குப் பெயர் நாகதாளி. தட்டுத் தட்டாக, ஒன்றின் தோளில் மற்றொன்று ஏறிக் கிளைப்பது. அதன் பெரிய முள்ளுக்கு யாரும் அஞ்சவேண்டியதில்லை. அது வெளிப்படையான எதிரி. அந்த முள்ளின் அடியில் பட்டுக்குஞ்சம்போலப் படிந்திருக்கும் நுண்முள்ளே பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். பழம்பாடல்களில் கள்ளிக்குக் கிடைத்த இடமெல்லாம் பாலையும் சுடுகாடுந்தான். எந்தப் புலவரும் அதை வீட்டுக்கு அழைத்ததாக நான் படித்ததில்லை. நான் அழைத்தேன்.

ஆசிரியனாக எனக்குக் கிடைத்த முதல் நியமனம் கோமாரியில். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தென்னஞ்சோலை, அதற்கும் அப்பால் மணல்மேடு, அந்த மேட்டில் ஆளுயரத்துக்கு நாகதாளிப் புதர். நிந்தவூரில் ஆறு பிள்ளைகளுக்கு நடுவே இடிபட்டு வளர்ந்த எனக்குத் தனிமை புதிது. மாலையில் அஸர் தொழுதுவிட்டு அந்த மேட்டிலிருந்து கடலைப் பார்ப்பேன். ஒருநாள் நான் துவைத்துக் கொடியில் போட்டிருந்த சாறனைக் கச்சான் காற்று தூக்கிக்கொண்டுபோய் அந்தப் புதரின் மேல் அழகாக விரித்துவிட்டது. சாறனை மீட்டேன், உதறினேன், உடுத்தேன். மறுநாட் பாடவேளைகள் முழுதும் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே படிப்பித்தேன். பிள்ளைகள் என் கடமையுணர்வை வியந்தார்கள். உண்மைக் காரணம் வகுப்பில் சொல்லத்தக்கதன்று.

அந்தப் பகையில் பிறந்ததுதான் நட்பு. காண்டாவனமென்னும் கத்தரி வெயிலில் தென்னோலைகூடத் தொங்கிப்போன நாட்களில் அது மட்டும் பச்சை குன்றாமல் நின்றது. அதன் தட்டுகளின் விளிம்பில் மஞ்சள் பூக்கள் மலர்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில், இதைப் படைத்தவனுக்கு யார்மேலும் கோபம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இளவயதின் எண்ணம், இருந்தாலும் இன்றுவரை அதை நான் திருத்தவில்லை.

இரண்டு வருடத்தில் இடமாற்றமும் கலியாணமும் சேர்ந்தே வந்தன. புறப்படும் நாளில் ஒரு தட்டை வெட்டி, பத்திரிகைத்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் பொத்துவில் மீன் வியாபாரி ஒருவர் இருந்தார்.

“மாஸ்டர், மடியில என்ன, கருவாடா?”

“இல்ல, ஒரு செடி.”

“அதான் பாத்தன், மணக்கல்லையே எண்டு” என்று சொல்லி, பிரியமாகப் பொதியின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த கணம் எழுந்து நின்றுவிட்டார். “யா அல்லாஹ்! இது செடியா, நாயா மாஸ்டர்? கடிக்கிது!”

கொண்டக்டர் வாசற்படியிலிருந்தே கத்தினார். “கடிக்கிற சாமானுக்கு அரை டிக்கெட் எடுக்கோணும்!”

கலியாணத்துக்குப் போகிறேன் என்பதை எப்படியோ அறிந்திருந்த பின்னாசனத்து மனிதர் ஒருவர், “மாப்புள கொண்டுபோற சீரப் பாருங்க. பொண்ணு ஊட்டாக்கள் அல்லாஹ்வுடைய காவல்ல இரிக்கட்டும்” என்றார். அக்கரைப்பற்று வரும்வரை பஸ் சிரித்துக்கொண்டே ஓடியது.

எங்கள் கரையின் வழக்கம் அறியாதவருக்காக ஒன்று சொல்லவேண்டும். இங்கே பெண் புகுந்தவீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் போகிறான். வீடு பெண்ணுக்கு. ஆகவே சாய்ந்தமருதில் என் மனைவி ஸுபைதாவின் வீட்டில் நான் குடிபுகுந்தபோது சுவரும் கூரையும் அவளுடையவை; வளவும் கிணறும் தென்னைகளும் அவளுடையவை; நான் சாய்ந்திருந்த கதிரையும் அவளுடைய வாப்பா மௌத்தாகுமுன் செய்வித்து வைத்தது. என்னுடையவை ஒரு சூட்கேஸ், ஒரு குடை, ஒரு நாகதாளித் தட்டு. இவற்றுள் உயிருள்ளது ஒன்றே. அந்த வீட்டில் யாரும் என்னைக் குறைத்து நடத்தவில்லை. இருந்தாலும், இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள மனிதனுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

ஸுபைதாவின் உம்மா, என் மாமி, கணவரை இழந்தபின் வரிப்பத்தான்சேனை வயலை வீட்டிலிருந்தபடியே ஆண்டவர். வயற்காரர் எங்கள் வாசற் கடப்படிக்கு வரும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஆனால் அத்தகைய மாமியும் நானும் முகத்துக்கு முகம் ஒரு சொல் பேசியதில்லை. மாமியும் மருமகனும் நேரே பேசுவது அக்காலத்தில் மரியாதைக்குறைவு. நான் விறாந்தைக்கு வந்தால் அவர் குசினிக்குப் போய்விடுவார். நடுவே ஒரு பூப்போட்ட வாசற்சீலை தொங்கும். எனக்குச் சொல்லவேண்டியதை ஸுபைதாவிடம் சொல்வார். ஸுபைதா அருகில் இல்லாவிட்டால் கோழியிடம் சொல்வார்.

சிவப்பி என்று ஒரு பேட்டுக்கோழி. சீலைக்கு அப்பால் குரல் கேட்கும்: “சிவப்பி, வானம் கறுத்துப்போய் இரிக்கி. குடை எடுக்காமப் போறாக்கள் நனைஞ்சிதான் வருவாங்க.” நான் திரும்பிப்போய்க் குடையை எடுத்துக்கொள்வேன். அந்தக் கோழிக்கு எத்தனை செய்தி விளங்கியதோ அறியேன். என்னளவில், அதற்குச் சொல்லப்பட்டவற்றில் பாதிக்குமேல் எனக்கு விளங்கியதாக அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

வெடித்துப்போன தண்ணீர்ச்சாடி ஒன்றின் அடிப்பாதியில் மணல் நிரப்பி, நாகதாளித் தட்டை ஊன்றி, முன்வாசலில் வைத்தேன். அன்று மாலையே சீலைக்கு அப்பாலிருந்து தீர்ப்பு வந்தது. “சிவப்பி, முன்பக்கம் போகாத. ஊட்டு வாசலுக்கு முள்ளு வந்திரிக்கி. வாசல்ல முள்ளு இருந்தா ஊட்டுக்குள்ள சண்டதான்.”

எனக்கு மனம் நொந்தது. சாடியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றடியில், நான் இருந்து வுழூச் செய்யும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அப்போது பெரிய ஞானமாக நினைத்தேன். தொழுகைக்காக முகமும் கையும் காலும் கழுவும் நீர் வீணே மண்ணில் ஓடுகிறதே. அது பறக்கத்துள்ள நீரல்லவா? அது ஓர் உயிருக்குப் போகட்டும் என்று, கல்லிலிருந்து வழிவது நேரே சாடிக்குள் விழும்படி சாய்த்து வைத்தேன். சுபஹுக்கு, லுஹருக்கு, அஸருக்கு, மஃரிபுக்கு, இஷாவுக்கு. கள்ளிக்கு ஐவேளைத் தண்ணீர் வார்த்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்கவேண்டும். வேறெந்த ஊர்க்காரனுக்கும் இந்தப் பிழை எளிதில் வாய்க்காது.

வுழூச் செய்யும்போது நீரோடு பாவங்களும் உதிர்ந்து போகும் என்பது எங்கள் நம்பிக்கை. மாமிக்கும் அது தெரியும். ஒருநாள் அவர் கோழியிடம் கேட்டார்: “என்னகா சிவப்பி, ஒரு மனிசன் கழுவுற பாவமெல்லாம் அந்தச் செடிதான் குடிக்கிது. அது எத்தினயத்தான் தாங்கும்?”

என் பாவத்தின் அளவைப் பரிகசிக்கிறார் என்று எண்ணி முகம் சிவந்தேன். அவர் பரிந்து கேட்டதோ செடிக்காக.

தொடக்கத்தில் செடி என் பக்கமே சாட்சி சொன்னது. கோடை முழுதும் தட்டுமேல் தட்டாக ஐந்து விட்டது. பள்ளிக்கூடத்தில் பெருமை பேசினேன். “மாஸ்டர்ட கள்ளி ஐவேளை ஜமாஅத்துத் தவறாத கள்ளி” என்று சக ஆசிரியர் ஒருவர் பெயர் வைத்தார். பிறகு மாரி வந்தது. வானமும் வார்த்தது, நானும் வார்த்தேன். மழை ஓய்ந்து வெயில் திரும்பியபோது அடித்தட்டு மங்கிப் பழுப்பேறி, செடி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. தாகம் என்று நினைத்தேன். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு செம்பு நீர் கூடுதலாக ஊற்றினேன்.

மாமி மகளிடம் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பின்னரே தெரிந்தது. “உன்ட மாப்புளைக்குப் புத்தி எங்க போச்சி? தண்ணி ஊத்த வேணாமெண்டு சொல்லுகா. அழுகிப்போகும்.” இப்படிப்பட்ட சொல்லைக் கணவனிடம் எப்படிக் கொண்டுவருவாள் ஒரு மனைவி? ஸுபைதா நல்லவள். எனக்கும் மாமிக்கும் நடுவே நின்று, பாலில் சீனி கரைப்பதுபோல ஒவ்வொரு சொல்லிலும் இனிப்பைக் கரைத்தே கொண்டுவருவாள். என்னிடம் வந்து சேர்ந்த செய்தி இது: “உம்மா சொல்றா, கிணத்தடி ஈரத்துல கனநேரம் நிக்க வேணாமாம். உங்களுக்குத் தடிமன் புடிக்குமாம்.”

மாமியின் அன்பை எண்ணி நெகிழ்ந்தேன். நெகிழ்ந்த கையோடு இன்னொரு செம்பு ஊற்றினேன்.

ஒரு பிற்பகல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கிறேன். செடி முறிந்து கல்லின் மேல் கிடக்கிறது. அடித்தட்டு வெந்த பூசணித்துண்டுபோலக் குழைந்திருக்கிறது. பக்கத்தில், சோறு வடிக்கும் பானை கழுவுவதற்காகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் பார்த்தேன். என் அறிவு ஒரே பாய்ச்சலில் முடிவுக்குப் போய்விட்டது.

“உங்கட உம்மாட வேலதான் இது!” என்று ஸுபைதாவிடம் கத்தினேன். “சுடுதண்ணி ஊத்தி இரிக்கா. என்ட எண்டு இந்த ஊட்டுல இருந்தது இது ஒண்டுதான். அதையும் சாகடிச்சிப்போட்டா.”

சீலைக்கு அப்பால் உரலில் இடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஸுபைதா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அன்றே ஒரு விண்ணப்பம் எழுதினேன். மீண்டும் கோமாரிக்கே இடமாற்றம் வேண்டும். மனைவியுடன் தங்க ஆசிரியர் விடுதி வேண்டும். மருமகன் மகளை அவளுடைய சொந்த வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்பது எங்கள் கரையில் ஒரு தாய்க்கு நேரக்கூடிய தலைகுனிவுகளிற் பெரியது. அது தெரிந்தேதான் எழுதினேன். நல்ல தமிழில் எழுதினேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்; கோபத்தில் என் நடை எப்போதும் சிறக்கும்.

ஸுபைதா அதை வாசித்தாள். “நீங்க எங்க போனாலும் நான் வருவன்” என்றாள். பிறகு, “உம்மா தொட்டிலுக்குக் கயிறு திரிச்சு வெச்சிரிக்கா” என்று மட்டும் சொன்னாள்.

மூன்று நாள் அந்த வீட்டில் கோழியிடம்கூட ஒருவரும் பேசவில்லை. சிவப்பி குசினி வாசலில் வந்து வந்து நின்றுவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் அஸர் வேளை. மறுநாள் தபாலில் சேர்ப்பதற்காக உறையை ஒட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். முறிந்த செடியை எடுத்தெறிய மனமில்லாமல் சாடியிலேயே நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்தேன். வழக்கம்போல வுழூ நீர் அதற்கு வழிந்துகொண்டிருந்தது. எதிரே நிழல் விழுந்தது. நிமிர்ந்தேன். மாமி நின்றார். வெள்ளை முக்காடு, கையில் குசினிக் கத்தி. அவருடைய முகத்தை முழுதாக அன்றுதான் கண்டேன். ஸுபைதாவின் முகம், இன்னும் கொஞ்சம் வெயில் பட்டது.

“மருமகன்.”

நான் எழுந்தேன். செம்பு கல்லில் விழுந்து உருண்டது.

“கையை எடுங்க. தண்ணி போதும்.”

“மாமி…”

“நான் சுடுதண்ணி ஊத்தல்ல. அல்லாஹ் அறிய ஊத்தல்ல. ஊத்தினது நீங்க. ஐஞ்சு வக்தும் பச்சத்தண்ணிய ஊத்தி ஊத்தியே அத அவிச்சிப்போட்டீங்க.”

குந்தியிருந்து, தென்னம்பன்னாடையை மடித்துச் செடியைப் பிடித்து, அடித்தட்டைக் குறுக்கே வெட்டினார். உள்ளே பழுப்புக் கூழ். புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. “பாருங்க, உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு. சுடுதண்ணி பட்டா மேலதான் வேகும். இது வேரிலருந்து வந்த அழுகல்.” கத்தியைத் துடைத்துத் துடைத்து மேலே மேலே வெட்டிக்கொண்டு போனார். நான்காம் வெட்டில் சுத்தமான வெளிர்பச்சைச் சதை தெரிந்தது. மூன்று தட்டுகள் தப்பின. அவற்றை மண்ணில் வைக்காமல் விறகுப்பரணில், நிழலில், அடுக்கினார்.

“பத்து நாளைக்கு ஆரும் தொடப்படாது. தண்ணி காட்டப்படாது. பசிக்கப் போட்டாத்தான் இது வேர் விடும்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும் மாமி?”

“கலியாணம் முடிச்ச புதுசுல உங்கட மாமாவோட கோமாரியிலதான் மீன்வாடி போட்டு இருந்தன். கருவாடு காயப்போட்டா பண்டியும் நாயும் வரும். வாடியச் சுத்தி இதத்தான் வேலியா நட்டிருந்தம். நட்டது இந்தக் கைதான்.”

நான் சாறனை மீட்ட அந்தப் புதரைத்தான் இவர் நட்டிருப்பாரோ என்று ஒரு நினைவு ஓடியது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. “முதலே சொல்லியிருக்கலாமே” என்றேன்.

மாமி எழுந்தார். “ஆருக்குச் சொல்ற? கோழிக்கெல்லாம் சொன்னனே!”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. குசினி வாசலில் நின்ற ஸுபைதாதான் சிரித்துவிட்டாள். சிரித்தவள் அப்படியே அழவும் தொடங்கினாள். மாமி அவளைத் தோளில் பிடித்து உள்ளே கொண்டுபோனார். வாசற்சீலை விழுந்தது. சொன்ன பழிக்கு மாப்புக் கேட்கவேண்டும் என்று எனக்கு உறைத்தபோது எதிரே சீலையிலிருந்த பூக்கள்தான் இருந்தன.

விண்ணப்பத்தை உறையோடு ஸுபைதாவிடம் கொடுத்தேன். அன்றைய அடுப்பு என் நல்ல தமிழில் பற்றியது.

பதினோராம் நாள் தட்டுகளின் வெட்டுவாய் காய்ந்து, குதிகாற் தோல்போல இறுகியிருந்தது. கடற்கரை மணலோடு ஓட்டுத்துண்டும் சிப்பியும் கலந்து, அடியில் துளையிட்ட சாடிகளில் ஊன்றினேன். எங்கே வைப்பது என்று சாடியும் கையுமாக நின்றபோது சீலைக்கு அப்பால் குரல் கேட்டது. “சிவப்பி, முன்வாசல்லதான் நல்ல வெயில் இரிக்கி.” கோழி அப்போது வளவிலேயே இல்லை.

அதன்பின் நாகதாளியை வளர்க்கக் கற்றுக்கொண்டேன். வளர்ப்பது என்பதைவிட, நம் அன்பிலிருந்து அதைக் காப்பது என்று சொல்லலாம். கோடையில் மாதத்துக்கு ஒரு செம்பு. மாரியில் ஒரு துளியும் இல்லை, சாடியைத் தாழ்வாரத்தினுள் இழுத்துவிட வேண்டும். வெண்பஞ்சுபோலப் பூச்சி படிந்தால் சவர்க்கார நீரில் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துடைக்கவேண்டும். எத்தனை கவனமாக இருந்தாலும் நுண்முள் விரலில் ஏறும். அதற்கு ஸுபைதா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். சோற்றைக் கூழாக மசித்து விரலில் பூசி, காய்ந்தபின் தோலாக உரித்தெடுப்பாள். முள்ளும் சேர்ந்து வந்துவிடும். முள் ஏறாத நாளிலும் இரண்டொரு முறை அவளிடம் விரலை நீட்டியதுண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக.

மூத்த மகள் பிறந்த வருடமே முதற் பூ வந்தது. சாடி கொள்ளாமல் நிலத்தில் இறக்கினோம். யன்னல் உயரத்துக்குக் கிளைத்தது. ஊரார் தட்டுக் கேட்டு வந்தார்கள். புதுவீட்டு முகப்பில் கண்ணூறுக்குக் கட்டித் தொங்கவிட ஒன்று தாருங்கள் என்று ஒருவர் கேட்டார். காப்பவன் ஒருவனிருக்க முள்ளிடம் காவல் கேட்கலாமா என்று சொல்லி மறுத்தேன். நட்டு வளர்ப்பதாக இருந்தால் எத்தனை வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். அவர் நட்டார். அதற்குத் தண்ணீரும் ஊற்றினார். பிறகு என்ன நடந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மாமி அன்றைக்குப்பின் என் முகம் பார்த்துப் பேசவில்லை. அடுத்தநாளே பழைய வழக்கம் திரும்பிவிட்டது. சிவப்பிக்குப்பின் வேறு கோழி, அதற்குப்பின் ஒரு பூனை. வருடங்கள் போயின. நான் சொன்ன அந்தப் பழி மட்டும் கழுவப்படாமல் என்னிடமே கிடந்தது. எத்தனை வுழூவிலும் அது உதிரவில்லை. மனிதருக்குச் செய்த குறையை மனிதரே பொறுக்கவேண்டும்.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் உற்றார் எல்லோரிடமும் மாப்புக் கேட்டே போகவேண்டும். எனக்கு அந்த பாக்கியம் கிடைத்த வருடத்தில் மாமி முதுமையடைந்து படுக்கையோடிருந்தார். அறைவாசற் சீலைக்கு வெளியே நின்றேன். உள்ளே ஸுபைதா அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

“மாமி, நான் ஹஜ்ஜுக்குப் போறன். நான் பேசின பேச்சுக்கு நீங்க மாப்புச் செய்யோணும். அந்தச் சுடுதண்ணி விசயம்…”

விசிறியின் சத்தம் நின்றது. பிறகு அந்தக் குரல், தேய்ந்து மெலிந்து, ஆனால் சீலையைத் தாண்டி நேரே எனக்கு வந்தது.

“எந்தச் சுடுதண்ணி?”

அடுத்ததை ஸுபைதாவிடம் சொன்னார்: “மகள், மாப்புளைக்குச் சொல்லு, கஃபாவக் கண்டு துஆக் கேக்கக்குள்ள என்னையும் நெனைக்கச் சொல்லி.”

அவர் மறந்திருக்க வழியில்லை. முப்பது வருடத்துக்கு முன் ஒரு விளைச்சலில் எந்த வயல் வரவையில் நீர் குறைந்தது என்பதைக்கூட நினைவில் வைத்திருந்த மனுஷி. கஃபாவைக் கண்ட முதற் பார்வையில் என் பெயருக்கு முன்னே அவர் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

நான் திரும்பி வந்த வருடத்தின் முடிவில் மாமி மௌத்தானார். பின்னர் வீடு வழக்கப்படி எங்கள் மூத்த மகளுடையதாயிற்று. குழாய்த்தண்ணீர் வந்தபின் கிணற்றுக்குக் கொங்கிறீட் மூடி போட்டுவிட்டார்கள். வளவு முழுதும் கல் பதித்தாயிற்று. மழைநீர் குடிக்க மண் தெரியும் இடம் இல்லை. முன்மதில் எழுப்பும்போது நாகதாளியை எடுக்கவேண்டி வந்தது. மகள் என்னிடம் கேட்டுத்தான் எடுத்தாள். நானும் ஓம், எடு என்றேன். போன வருடம் கோமாரிக்குப் போய்ப் பார்த்தேன். மணல்மேட்டைச் சமப்படுத்திக் கம்பிவேலி அடித்திருக்கிறார்கள்.

இன்று ஸுபைதா எங்கள் மருமகனோடு ஒரே சோபாவில் இருந்து கதைக்கிறாள். அவர் பகிடி விட்டால் இவள் கைதட்டிச் சிரிக்கிறாள். பார்க்க எனக்கு மகிழ்ச்சியே. அந்தச் சீலையை மறுபடி தொங்கவிடுங்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். அதன் மறைவினால் நான் அழித்தது ஒரு செடி, அழிக்க இருந்தது ஒரு வீடு. ஆனாலும் நண்பரே, இப்போது நாள் முழுதும் எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேரே பேசுகிறார்கள். மாலையானால் ஒரு சொல்லும் நினைவில் நிற்பதில்லை. மாமி என் முகம் பார்த்துப் பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு அஸர் வேளையில். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், அந்த முக்காட்டின் ஈர விளிம்பையும் இந்த நிமிடமும் என்னால் சொல்லமுடியும். ஒருவர் மற்றொருவரின் முகத்துக்கு நேரே வாய் திறப்பது அத்தனை பெரிய காரியமாக இருந்த காலம் போய்விட்டது.

இதை வாசிப்போருக்கும், வாசிக்கக் கேட்போருக்கும், அவர்தம் இல்லத்தாருக்கும் வல்ல றஹ்மான் அளவறிந்த ஈரத்தையும், அழுகாத வேரையும், குறை பொறுக்கும் உறவுகளையும் தந்தருள்வானாக. அவர்களுடைய முள்ளெல்லாம் பூக்கட்டும். ஆமீன்.